ஸ்பானியத்தில் ‘முச்சோ’ எங்கே, ‘முய்’ எங்கே? ‘மிகவும்’ என்று எடுத்துக்கொண்டால் பாதி இடங்களில் பொருந்தவில்லையே

புதுமாணவி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்பானிய மொழியைத் தொடக்க நிலையில் படித்து வருகிறேன். அளவையும் மிகுதியையும் குறிக்க அம்மொழியில் திரும்பிய பக்கமெல்லாம் வருகிற ‘முச்சோ’ என்ற சொல்லைப் பற்றியதே என் கேள்வி. என்னிடம் உள்ள பாடநூல், ‘முச்சோ’ என்றால் ‘நிறைய’, ‘முய்’ என்றால் ‘மிகவும்’ என்று ஒரே வரியில் பொருள் சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறது. அந்த வரியை நம்பி வாக்கியங்களைப் படிக்கப் புகுந்தால் ஒன்றும் ஒத்துவரவில்லை.

‘எனக்கு மிகவும் பிடிக்கும்’ என்பதற்கு ‘மே குஸ்தா முச்சோ’ என்று இருக்கிறது. ‘எனக்கு மிகவும் பசிக்கிறது’ என்பதற்குத் ‘தெங்கோ முச்சா ஆம்ப்ரே’ என்று இருக்கிறது. ‘இது மிகவும் நல்லது’ என்றால் ‘முய் புவேனோ’ என்றும், ‘அதைவிட இது மிகவும் மேல்’ என்றால் ‘முச்சோ மெஹோர்’ என்றும் வருகிறது. தமிழில் நான்கிலும் ‘மிகவும்’ என்ற ஒரே சொல்தான் நிற்கிறது. ஸ்பானியத்திலோ ஒன்றில் மட்டுமே ‘முய்’ வந்திருக்கிறது.

ஈறு மாறுவதும் புரியவில்லை. ‘முச்சோ, முச்சா, முச்சோஸ், முச்சாஸ்’ என்று நான்கு வடிவங்கள் உண்டு என்கிறார்கள். ஆனால் ‘மரியா கடுமையாக உழைக்கிறாள்’ என்பதை ‘மரியா த்ரபாஹா முச்சோ’ என்கிறார்கள். பெண்ணைப் பற்றிய வாக்கியத்தில் ஏன் ‘முச்சா’ வரவில்லை? தண்ணீருக்கு ‘எல் ஆகுவா’ என்று ஆண்பால் சுட்டுச்சொல்லைப் போட்டுவிட்டு, அளவு சொல்லும்போது மட்டும் ‘முச்சா ஆகுவா’ என்று பெண்பாலுக்குத் தாவுவது ஏன்? இவற்றுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறதா, அல்லது ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதுதான் வழியா?

வினைத்தொகை எழுதியது:

வணக்கம். விதி இருக்கிறது, அது சிறியதும்கூட. பாடநூல் உங்களைத் தமிழ்ச் சொல்லின் பக்கம் பார்க்கவைத்ததுதான் சிக்கலுக்குக் காரணம். ‘மிகவும்’ என்பதற்கு ஸ்பானியத்தில் என்ன என்று கேட்பதை விட்டுவிட்டு, ஸ்பானிய வாக்கியத்தில் அந்த மிகுதிச் சொல் எந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று கேளுங்கள். பற்றிக்கொள்ளும் சொல் பெயர்ச்சொல் என்றால் ‘முச்சோ’ வரும், அந்தப் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்பத் தன் ஈற்றை மாற்றிக்கொள்ளும். பற்றிக்கொள்ளும் சொல் வினைச்சொல் என்றால் ‘முச்சோ’ வரும், ஆனால் எதற்காகவும் மாறாது. பற்றிக்கொள்ளும் சொல் பண்பைச் சொல்லும் பெயரடையாகவோ ‘நன்றாக’, ‘மெதுவாக’ என்பன போன்ற வினையடையாகவோ இருந்தால் ‘முய்’ வரும்.

மரியாவின் வாக்கியத்தை இப்போது பாருங்கள். ‘த்ரபாஹா’ என்பது ‘உழைக்கிறாள்’ என்ற வினை. ‘முச்சோ’ அங்கே உழைப்பின் அளவைச் சொல்கிறதே தவிர மரியாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே மரியாவுக்குப் பதிலாக ஓர் ஆணையோ பத்துப் பேரையோ வைத்தாலும் அந்த ‘முச்சோ’ அசையாது. ஆனால் ‘மரியாவுக்கு நிறைய வீடுகள் இருக்கின்றன’ என்று சொன்னால் ‘முச்சாஸ் காஸாஸ்’ என்றாகிவிடும். காரணம் அங்கேயும் மரியா அல்ல, ‘காஸா’ என்ற பெயர் பெண்பால் என்பதும் அது பன்மையில் நிற்கிறது என்பதும்தான். ‘நிறையப் புத்தகங்கள்’ என்றால் ‘முச்சோஸ் லிப்ரோஸ்’. பேசுபவர் யார், எழுவாய் யார் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

தமிழ் பேசுகிற நமக்கு இயைபு புதிதன்று. ‘அவள் வந்தாள்’, ‘அவர்கள் வந்தார்கள்’ என்று எழுவாய்க்கு ஏற்ப வினைமுற்றை மாற்றிப் பழகியவர்கள்தாம் நாம். ஆனால் நம் இயைபு வாக்கியத்தின் கடைசியில், வினையில் இருக்கிறது. ஸ்பானியமோ அதைப் பெயருக்கு முன்னால் நிற்கும் அடைச்சொல்லிலும் கேட்கிறது. ‘நிறைய’ என்ற நம் சொல் எந்தப் பெயருக்கு முன்னும் ஒரே மாதிரி நிற்பதால், அந்த இடத்தில் மாற்றம் தேவை என்ற உணர்வே நமக்கு எழுவதில்லை. போதாக்குறைக்கு நாம் ஆண்பால், பெண்பால் என்பதை உயர்திணைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். அவர்கள் மேசைக்கும் நாற்காலிக்கும்கூடப் பால் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்து, உங்கள் ‘பசி’ வாக்கியம். தமிழர்களுக்கு உண்மையிலேயே இடறும் இடம் இதுதான் என்பது என் கருத்து. ‘பசிக்கிறது’, ‘குளிர்கிறது’, ‘பயப்படுகிறேன்’, ‘தூக்கம் வருகிறது’ என்று நாம் வினையாகச் சொல்வதையெல்லாம் ஸ்பானியம் ‘எனக்குப் பசி இருக்கிறது’, ‘எனக்குப் பயம் இருக்கிறது’ என்ற பாங்கில், பெயராக்கிச் சொல்கிறது. ‘தெங்கோ’ என்பது ‘வைத்திருக்கிறேன்’ என்ற வினை. ‘ஆம்ப்ரே’ என்பது ‘பசி’ என்ற பெயர். மிகுதி அந்தப் பெயரைப் பற்றிக்கொள்வதால் ‘முய்’ வர வழியே இல்லை. தாகத்திற்கு ‘முச்சா சேத்’, தூக்கத்திற்கு ‘முச்சோ சுவேன்யோ’, பயத்திற்கு ‘முச்சோ மியேதோ’, அவசரத்திற்கு ‘முச்சா ப்ரீஸா’, நல்வாய்ப்புக்கு ‘முச்சா சுவேர்தே’ என்று அந்தந்தப் பெயரின் பாலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘நீங்கள் சொல்வது மிகவும் சரி’ என்பதைக்கூட ‘தியெனேஸ் முச்சா ராஸோன்’, அதாவது ‘உன்னிடம் நிறைய நியாயம் இருக்கிறது’ என்ற போக்கில்தான் சொல்வார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க ‘ஃப்ரியோ’ என்ற சொல்லைவிட நல்ல சொல் கிடைக்காது. அது ‘குளிர்’ என்ற பெயராகவும் வரும், ‘குளிர்ந்த’ என்ற பெயரடையாகவும் வரும். ‘எனக்கு மிகவும் குளிர்கிறது’ என்றால் அது பெயர். ஆகவே ‘தெங்கோ முச்சோ ஃப்ரியோ’. ‘தண்ணீர் மிகவும் குளிர்ந்திருக்கிறது’ என்றால் அது பண்பு. ஆகவே ‘எல் ஆகுவா எஸ்தா முய் ஃப்ரியா’. வானிலையைச் சொல்லும்போதும் ‘ஆஸே முச்சோ ஃப்ரியோ’ என்றே வரும். அங்கேயும் அது பெயர்தான்.

அந்தத் தண்ணீர் வாக்கியத்தில் ‘ஃப்ரியா’ என்று பெண்பால் ஈறு வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ‘ஆகுவா’ எப்போதுமே பெண்பால் சொல்தான். அதன் முன் நிற்கும் ‘எல்’ மட்டுமே நம்மை ஏமாற்றுகிறது. பழைய ஸ்பானியத்தில் பெண்பால் சுட்டு ‘ஏலா’ என்று இருந்தது. அழுத்தத்தோடு உச்சரிக்கப்படும் ‘ஆ’வில் தொடங்கும் சொற்களுக்கு முன் அந்த ‘ஏலா’வின் கடைசி உயிர் மறைந்து ‘எல்’ என்று நின்றுவிட்டது. மற்ற இடங்களில் முன்பகுதி உதிர்ந்து ‘லா’ ஆயிற்று. தோற்றத்தில் ஆண்பால் சுட்டைப் போல இருந்தாலும் பிறப்பில் இது பெண்பால் சுட்டு. சுட்டுக்கும் பெயருக்கும் நடுவில் வேறொரு சொல் நுழைந்தால் உடனே ‘லா’ திரும்பிவிடும். ‘ஆம்ப்ரே’ என்ற சொல்லின் எழுத்தில் முதலில் இருக்கும் மெய் ஒலிக்காது என்பதால் அதற்கும் இதே கதை: ‘எல் ஆம்ப்ரே’, ஆனால் ‘முச்சா ஆம்ப்ரே’. இந்த ‘எல்’ ஸ்பானியர்களையே குழப்புகிறது. ‘முச்சோ ஆம்ப்ரே’ என்று தவறாகச் சொல்பவர்கள் அவர்களிடையேயும் உண்டு.

கடற்காற்று எழுதியது:

வினைத்தொகை அவர்கள் முதல் மூன்றையும் விளக்கிவிட்டார். ‘முச்சோ மெஹோர்’ என்ற நான்காவதை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மேலே சொன்ன விதியை அப்படியே பின்பற்றினால் இங்கே ‘முய் மெஹோர்’ என்றல்லவா வர வேண்டும் என்ற ஐயம் எவருக்கும் எழும். ‘மெஹோர்’ பெயரடைதானே?

பெயரடைதான், ஆனால் ஒப்பீட்டுப் பெயரடை. ‘முய்’ ஒரு பண்பு எவ்வளவு தூரம் உயர்ந்திருக்கிறது என்று சொல்கிறது. ஒப்பீட்டில் நாம் சொல்ல வருவது பண்பின் உயரத்தை அன்று, இரண்டு பொருள்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை. இடைவெளி ஓர் அளவு. அளவைச் சொல்வது ‘முச்சோ’வின் வேலை. ஆகவே ‘மெஹோர்’ (மேலான), ‘பெயோர்’ (மோசமான), ‘மாஸ்’ (கூடுதலாக), ‘மேனோஸ்’ (குறைவாக), ‘ஆன்தெஸ்’ (முன்னதாக), ‘தெஸ்புவேஸ்’ (பின்னர்) ஆகிய எல்லாவற்றின் முன்னும் ‘முச்சோ’ வரும். ‘அவன் மிகவும் உயரம்’ என்றால் ‘முய் ஆல்தோ’. ‘அவன் என்னைவிட மிகவும் உயரம்’ என்றால் ‘முச்சோ மாஸ் ஆல்தோ’.

இந்த வேறுபாடு வெறும் இலக்கண நுணுக்கமன்று, பொருளையே மாற்றிவிடும். ‘மயோர்’ என்ற சொல்லுக்கு ‘வயதான’ என்ற பொருளும் ‘மூத்த’ என்ற ஒப்பீட்டுப் பொருளும் உண்டு. ‘மி தியா எஸ் முய் மயோர்’ என்றால் ‘என் அத்தைக்கு மிகவும் வயதாகிவிட்டது’. ‘மி தியா எஸ் முச்சோ மயோர் கே யோ’ என்றால் ‘என் அத்தை என்னைவிட மிகவும் மூத்தவர்’. இரண்டாவது வாக்கியத்தைப் பேசுபவர் பத்து வயதுச் சிறுமியாக இருந்தால் அந்த அத்தைக்கு முப்பது வயதுதான் ஆகியிருக்கலாம். அத்தை பெண் என்றாலும் ‘முச்சா மயோர்’ ஆகவில்லை என்பதையும் பாருங்கள். பற்றிக்கொண்ட சொல் பெயர் அல்ல என்பதால் ஈறு மாறவில்லை.

ஆனால் ‘மாஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பெயர் வந்துவிட்டால் ‘முச்சோ’ அந்தப் பெயரோடு இயைந்துவிடும். ‘இன்னும் நிறையப் பேர்’ என்பதற்கு ‘முச்சாஸ் மாஸ் பெர்ஸோனாஸ்’, ‘இன்னும் நிறையத் தண்ணீர்’ என்பதற்கு ‘முச்சா மாஸ் ஆகுவா’. நடுவில் ‘மாஸ்’ நின்றாலும் எண்ணப்படுவதும் அளக்கப்படுவதும் பின்னால் வரும் பெயர்தானே. இதற்கு நேர்மாறாக, ‘மெஹோர்’, ‘மயோர்’ போன்றவற்றுக்குப் பின்னால் பெயர் வந்தாலும் ‘முச்சோ’ மாறக்கூடாது: ‘மிகவும் மேலான தரம்’ என்பது ‘முச்சோ மெஹோர் காலிதாத்’ என்றே இருக்க வேண்டும். ‘காலிதாத்’ பெண்பால் என்பதால் ‘முச்சா மெஹோர்’ என்று எழுதத் தோன்றும். அங்கே மிகுதி தரத்தைப் பற்றிக்கொள்ளவில்லை, ‘மேலான’ என்பதைப் பற்றிக்கொள்கிறது.

புதுமாணவி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ‘எதைப் பற்றிக்கொள்கிறது’ என்ற கேள்வி உண்மையிலேயே வேலை செய்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. ஒன்று, ‘நிறைய மக்கள்’ என்பதற்கு ‘முச்சா ஹெந்தே’ என்று ஒருமை ஏன்? மற்றொன்று, ‘தெமாஸியாதோ’ என்ற சொல்லையும் பல இடங்களில் ‘ரொம்ப’ என்றே மொழிபெயர்க்கிறார்கள். அப்படியானால் ‘முச்சோ’ என்பதற்குப் பதிலாக அதைப் பயன்படுத்தலாமா?

மாலைவகுப்பு எழுதியது:

ஸ்பானியம் கற்பிப்பவன் என்ற முறையில் இவ்விரண்டு கேள்விகளையும் அடிக்கடி எதிர்கொள்கிறேன்.

‘ஹெந்தே’ என்பது கூட்டத்தை ஒரு பொருளாகக் கருதும் பெண்பால் ஒருமைச் சொல். நம் ‘கூட்டம்’ என்ற சொல்லைப் போல அதை வைத்துக்கொள்ளுங்கள். ‘பெருங்கூட்டம் வந்தது’ என்றுதானே சொல்கிறோம், ‘வந்தார்கள்’ என்று சொல்வதில்லை. ஆகவே ‘முச்சா ஹெந்தே’ என்று அடையும் ஒருமை, அதன் பின் வரும் வினையும் ஒருமை. அதே பொருளைப் ‘பெர்ஸோனா’ என்ற எண்ணக்கூடிய சொல்லால் சொன்னால் ‘முச்சாஸ் பெர்ஸோனாஸ்’ என்று பன்மைக்குப் போய்விடும்.

ஒருமை தொடர்பாக இன்னொரு சுவையான வழக்கும் உண்டு. எண்ணக்கூடிய பெயரையே வேண்டுமென்று ஒருமையில் வைத்து, ‘ஆய் முச்சோ லத்ரோன்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நிறையத் திருடன் இருக்கிறது’ என்று அபத்தமாகத் தோன்றும். உண்மையில் ‘எங்கே பார்த்தாலும் திருட்டுப் பயல்கள்தாம்’ என்ற சலிப்போ கிண்டலோ கலந்த தொனி அதில் இருக்கிறது. அப்பட்டமான எண்ணிக்கையைச் சொல்ல வேண்டுமானால் ‘முச்சோஸ் லத்ரோனெஸ்’ என்று பன்மையே போதும். இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வழக்கும் இருக்கிறது: ‘எஸ் முச்சா முஹேர்’ என்றால் ‘அவள் நிறையப் பெண்’ என்று பொருள் அன்று, ‘அவள் சாதாரணப் பெண் அல்லள், எளிதில் ஈடுகொடுக்க முடியாதவள்’ என்பதே பொருள். அளவைச் சொல்ல வந்த சொல் இங்கே தரத்தைச் சொல்லப் போய்விட்டது. தொடக்க நிலையில் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம். கேட்டால் புரிந்துகொள்ளத் தெரிந்திருந்தால் போதும்.

‘தெமாஸியாதோ’ பற்றி உறுதியாகச் சொல்கிறேன்: ‘முச்சோ’ இருக்கும் இடத்தில் அதை வைக்காதீர்கள். ‘முச்சோ’ அளவு அதிகம் என்று மட்டும் சொல்கிறது. அது நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பை வழங்குவதில்லை. ‘தெமாஸியாதோ’ வேண்டிய எல்லையைத் தாண்டிவிட்டது, இனித் தாங்காது என்று சொல்கிறது. நம் ‘ரொம்ப’ இரண்டையும் சுமக்கிறது. ‘ரொம்பச் சூடாக இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அவர் பாராட்டுகிறாரா, குடிக்க முடியவில்லை என்கிறாரா என்பதைக் குரலிலிருந்தும் சூழலிலிருந்தும்தான் அறிந்துகொள்கிறோம். ஸ்பானியத்தில் பேசுபவர் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும்: வெறும் மிகுதி என்றால் ‘முய் கலியேந்தே’, எல்லை மீறல் என்றால் ‘தெமாஸியாதோ கலியேந்தே’. உங்களுக்கு விருந்து அளித்தவரிடம் ‘முச்சா கோமிதா’ என்றால் ‘நிறைய உணவு’ என்ற மகிழ்ச்சி. ‘தெமாஸியாதா கோமிதா’ என்றால் ‘இவ்வளவு எதற்கு, வீணாகிவிடுமே’ என்ற குறை. ‘முச்சோ’, ‘முய்’ என்ற பிரிவு இந்தச் சொல்லில் இல்லை என்பது ஒரு வசதி: பெயருக்கு முன் இயைபோடும் பெயரடைக்கு முன் மாறாமலும் ஒரே ‘தெமாஸியாதோ’ நின்றுவிடும்.

பதில் சொல்லும்போது நேரும் ஒரு குழப்பத்தையும் சேர்த்துவிடுகிறேன். ‘எஸ்தாஸ் கான்ஸாதா?’ (களைப்பாக இருக்கிறாயா?) என்று ஒரு பெண்ணிடம் கேட்டால் அவள் ‘முய்’ என்று மட்டும் பதில் சொல்ல முடியாது, ‘முய்’ தனியாக நிற்கும் ஆற்றல் இல்லாத சொல். ‘முச்சோ’ என்பாள். ஆனால் ‘தியெனேஸ் ஆம்ப்ரே?’ (பசிக்கிறதா?) என்று கேட்டால் ‘முச்சா’ என்பாள். இரண்டு பதில்களையும் சொல்பவள் ஒரே பெண்தான். முதல் பதிலில் மறைந்திருப்பது களைப்பு என்ற பண்பு, இரண்டாவதில் மறைந்திருப்பது பசி என்ற பெண்பால் பெயர். வாக்கியத்தில் இல்லாத சொல்லோடுகூட இயைபு நடக்கிறது. இதைச் செவியில் பிடித்துவிட்டீர்களானால் விதி உங்களுக்குள் இறங்கிவிட்டது என்று நம்பலாம்.

சொல்வேர் எழுதியது:

இந்த இழையில் ஒருவரும் வரலாற்றைத் தொடவில்லை என்பதால் நான் சில வரிகள் எழுதுகிறேன். ‘முச்சோ’, ‘முய்’ இரண்டும் உடன்பிறப்புகள். இரண்டுமே லத்தீனின் ‘முல்தும்’ என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை. தனித்து, அழுத்தத்தோடு ஒலிக்கப்பட்டபோது அது ‘முச்சோ’ ஆயிற்று. வேறொரு சொல்லுக்கு முன்னால் அழுத்தமின்றி விரைந்து ஒலிக்கப்பட்டபோது தேய்ந்து ‘முய்த்’ என்றும் பின்னர் ‘முய்’ என்றும் ஆயிற்று. லத்தீனில் ‘உல்த்’ என்று இருந்த ஒலித்தொடர் ஸ்பானியத்தில் ‘உச்’ ஆவது இந்த ஒரு சொல்லில் மட்டும் நிகழ்ந்ததன்று. கத்தியைக் குறிக்கும் ‘குல்தெல்லுஸ்’ என்ற லத்தீன் சொல் ‘குச்சில்யோ’ ஆனதும், செவிமடுத்தலைக் குறிக்கும் ‘அவ்ஸ்குல்தாரே’ என்பது ‘எஸ்குச்சார்’ ஆனதும் இதே வழியில்தான்.

மற்ற உறவு மொழிகள் இந்தப் பிரிவினையை மேற்கொள்ளவில்லை. போர்த்துக்கீசியத்தில் ‘முய்ன்தோ’, இத்தாலியத்தில் ‘மொல்தோ’, கத்தலானில் ‘மொல்’ என்று ஒரே சொல் இரண்டு வேலைகளையும் பார்க்கிறது. அவற்றைக் கற்பவர் இயைபை மட்டும் கவனித்தால் போதும். ஸ்பானியம் கற்பவர் சொல்லையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலி ஒத்திருக்கிறது என்பதால் ஆங்கிலத்தின் ‘மச்’ என்ற சொல்லும் இதே குடும்பம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பழைய ஆங்கிலத்தின் ‘மிச்செல்’ என்ற செர்மானியச் சொல்லின் வழிவந்தது. லத்தீன் ‘முல்தும்’ என்பதோடு அதற்கு உறவில்லை.

வரலாறு எதற்கு என்று கேட்பீர்கள். ‘முய்’ தனியாக நிற்காது என்று மாலைவகுப்பு அவர்கள் சொன்னதற்கு விடை இதில் இருக்கிறது. இன்னொரு சொல்லின் முன் ஒட்டிக்கொண்டதால் குறுகிப் பிறந்த வடிவம் அது. பின்னால் சொல் இல்லையென்றால் அது குறுகக் காரணமே இல்லை. இதே குறுக்கத்தை ஸ்பானியத்தில் வேறு பல இடங்களிலும் காணலாம். ‘இவ்வளவு’ என்பதற்கு ‘தான்தோ’ முழு வடிவம், ‘தான்’ குறுகிய வடிவம். ‘தான்தோ த்ரபாஹோ’ என்றால் ‘இவ்வளவு வேலை’, ‘தான் ஆல்தோ’ என்றால் ‘இவ்வளவு உயரமான’. ‘முச்சோ’, ‘முய்’ எங்கெங்கே வருகின்றனவோ ஏறத்தாழ அதே இடங்களில்தான் ‘தான்தோ’, ‘தான்’ இணையும் வரும். நல்லதைக் குறிக்கும் ‘புவேனோ’ ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன் ‘புவேன்’ ஆவதும், ‘க்ராந்தே’ ஒருமைப் பெயருக்கு முன் ‘க்ரான்’ ஆவதும் இதே போக்கின் வேறு முகங்கள். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை இலவசமாகக் கிடைக்கின்றன.

மிகுதிச் சொற்கள் தமக்குரிய துணையைத் தேர்ந்துகொள்வது நமக்கும் தெரியாத செய்தி அன்று. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்ற ஆறு உரிச்சொற்களும் மிகுதி என்ற ஒரே பொருளைத் தந்தாலும், ‘சாலச் சிறந்தது’, ‘நனி நன்று’, ‘கழிபேருவகை’ என்று ஒவ்வொன்றும் தனக்குப் பழகிய சொல்லோடுதான் சேர்கிறது. இடம் மாற்றி வைத்தால் காது ஏற்பதில்லை.

கடற்காற்று எழுதியது:

வரலாறு சுவையானது, மறுக்கவில்லை. ஆனால் பேசும் வேளையில் எவரும் லத்தீனை நினைத்துக்கொண்டு பேசுவதில்லை. விதியைப் புரிந்துகொண்ட பின் முழுத் தொடர்களாக வாயில் பழக்கிக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது என்பேன். குறிப்பாக, ‘முச்சோ’ இடம்பெறும் சில தொடர்கள் எந்த விதியிலிருந்தும் பொருளைக் கறந்துவிட முடியாதவை. ‘கோமோ முச்சோ’ என்றால் ‘மிஞ்சிப் போனால்’. ‘கோமோ முச்சோ தோஸ் ஓராஸ்’ என்றால் ‘மிஞ்சிப் போனால் இரண்டு மணி நேரம்’. ‘நி முச்சோ மேனோஸ்’ என்றால் ‘கிட்டத்தட்டக்கூட இல்லை’ என்ற கடுமையான மறுப்பு. ‘போர் முச்சோ கே’ என்று வாக்கியத்தைத் தொடங்கினால் ‘எவ்வளவுதான் முயன்றாலும்’ என்பதுபோல ஒரு நிபந்தனை பின்தொடரும். ‘ஆஸே முச்சோ’ என்று முடித்துவிட்டால் ‘நெடுங்காலத்திற்கு முன்’ என்று பொருள். ‘தியெம்போ’ என்ற காலச் சொல் அங்கே சொல்லாமலே உணரப்படுகிறது. ‘முச்சாஸ் க்ராஸியாஸ்’, ‘முச்சோ குஸ்தோ’ ஆகியவற்றை முதல் நாளே எல்லோரும் கற்றுவிடுகிறோம். அவற்றிலேயே ‘நன்றிகள்’ பெண்பால் பன்மை, ‘மகிழ்ச்சி’ ஆண்பால் ஒருமை என்ற இயைபு ஒளிந்திருக்கிறது.

நாட்டுக்கு நாடு மாறும் மிகுதிச் சொற்களும் உண்டு. சிலியில் ‘ஆர்த்தோ’ என்ற சொல் ‘முச்சோ’ இருக்க வேண்டிய இடங்களில் வெகுவாக ஒலிக்கும். அர்ஜென்டினாவில் ‘ரே’ என்ற முன்னொட்டை ‘முய்’ என்பதற்குப் பதிலாகப் பேச்சில் சேர்ப்பார்கள். ஸ்பெயினின் இளைஞர்களிடம் ‘மொகோல்யோன்’ கேட்கும். ‘உன் மொன்தோன் தே’ (ஒரு குவியல்) என்பது ஸ்பானியம் பேசும் பெரும்பாலான இடங்களில் புரியும். இவற்றை நீங்களாகப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. ‘முச்சோ’ எந்த நாட்டிலும் செல்லும், எந்த அவையிலும் செல்லும்.

புதுமாணவி எழுதியது:

நீங்கள் அனைவரும் சொன்னவற்றை வைத்துச் சில வாக்கியங்கள் அமைத்திருக்கிறேன். சரிபார்க்க வேண்டுகிறேன். ‘தெங்கோ முச்சோ மியேதோ’ (எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது). ‘எஸ்தே லிப்ரோ எஸ் முச்சோ மாஸ் தொஃபீஸில்’ (இந்தப் புத்தகம் அதைவிட மிகவும் கடினம்). ‘எல்யா ஆப்லா முய் பியென்’ (அவள் மிக நன்றாகப் பேசுகிறாள்). ‘எ முச்சோ த்ரபாஹாதோ’ (நான் நிறைய உழைத்திருக்கிறேன்). இறுதியாக ஒரு கேள்வி: ‘முய் முச்சோ’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லலாமா?

வினைத்தொகை எழுதியது:

முதல் மூன்றிலும் மிகுதிச் சொல் சரியான இடத்தில் சரியான வடிவில் இருக்கிறது. இரண்டாவதில் ‘கடினம்’ என்ற சொல்லின் உச்சரிப்பு ‘திஃபீஸில்’ என்று இருக்க வேண்டும், அவ்வளவே. நான்காவதில் சொல் சரி, வைத்த இடம்தான் பிழை. ‘எ த்ரபாஹாதோ’ என்பது இரண்டு சொற்களாக எழுதப்பட்டாலும் ‘உழைத்திருக்கிறேன்’ என்ற ஒரே வினைமுற்று. அந்த இரண்டுக்கும் நடுவில் ‘முச்சோ’ நுழையக்கூடாது. தமிழில் வினையடை வினைக்கு முன்னால் வருவதால் அதை முன்னே தள்ளிவிடத் தோன்றுகிறது. ஸ்பானியத்தில் அது வினைக்குப் பின்னால் போக வேண்டும்: ‘எ த்ரபாஹாதோ முச்சோ’. ‘தே கியேரோ முச்சோ’, ‘யுவேவே முச்சோ’ என்று எல்லா வினைகளோடும் அந்த வரிசைதான் இயல்பானது.

‘முய் முச்சோ’ பொதுவாகக் கூடாது. மிகுதிக்கு மேல் மிகுதி வேண்டுமானால் ‘முச்சீஸிமோ’ என்ற வடிவம் இருக்கிறது; அதுவும் பெயரோடு சேரும்போது ‘முச்சீஸிமா ஹெந்தே’ என்று ஈறு மாறும். ஆனால் ஸ்பெயினின் எழுத்து வழக்கில் ஒரே ஓரிடத்தில் ‘முய் முச்சோ’ இன்னும் உயிரோடு இருக்கிறது: ஒரு செயலைச் செய்யாமலிருக்க ஒருவர் வெகு எச்சரிக்கையாக இருந்தார் என்று சொல்லும்போது, ‘ஸே க்வார்தோ முய் முச்சோ தே’ என்று தொடங்கி, அவர் தவிர்த்த செயலைப் பின்னால் சேர்ப்பார்கள். செய்தித்தாள்களின் அரசியல் கட்டுரைகளில் இது கண்ணில் படலாம்.